இடுப்பு வலி நம் தலையெழுத்தா?

(அனந்தபுரத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை. வர முடியாமல் போன உறுப்பினர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம். ஊக்குநர்கள் தங்கள் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டவும்.)



இன்றைக்கு நான் வங்கிக் கடனைப் பற்றிப் பேசவில்லை. தணிக்கையைப் பற்றியும் பேசவில்லை. நம் உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இது என்ன புதுசா இருக்கு?" என்று நினைப்பீர்கள். காரணம் நம் குழு நோட்டிலேயே இருக்கிறது.

போன மாதம் சில குழுக்களின் உள்கடன் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடன் எதற்கு என்று ஒரு கட்டம் இருக்கும் இல்லையா? ஆடு வாங்க, பள்ளிக்கூட பீஸ், காதணி விழா என்று எழுதியிருந்தது. அதோடு பக்கத்துக்குப் பக்கம் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது: மருத்துவச் செலவு. என்ன மருத்துவம் என்று ஊக்குநரைக் கேட்டேன். "இடுப்பு வலி சார்ந்ததுதாங்க, முட்டி வலிங்க, கழுத்து வலிங்க" என்றார். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி கட்டி நாம் வாங்குகிற கடனில் ஒரு பங்கு வலிக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஆடு வாங்கினால் குட்டி போடும். வலிக்கு வாங்கிய கடன் என்ன போடும்?

சரி, இங்கே ஒரு கணக்கு எடுப்போம். இடுப்பு, முதுகு, கழுத்து, முட்டி, இதில் ஏதாவது ஒன்று வலிக்கிறவங்க கை தூக்குங்க. பாருங்க, முக்கால்வாசிப் பேர் தூக்கிட்டீங்க. அந்தக் கையைத் தூக்கும்போதே "ஸ்ஸ்" என்று ஒரு அம்மா தோளைப் பிடிக்கிறாங்க! எல்லோரும் சிரிக்கிறோம். ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை.

நாம் நம்பும் மூன்று காரணங்கள்

வலி ஏன் வந்தது என்று கேட்டால் நம் பக்கத்தில் மூன்று பதில்கள் வரும்.

முதல் பதில்: "கு.க. ஆபரேஷன் பண்ணதுல இருந்துதான். இல்லன்னா பிரசவத்துல முதுகுல ஊசி போட்டதுல இருந்துதான்." ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கும். அது உண்மை. ஆனால் பத்து வருஷம் தொடரும் வலிக்கு அந்த ஊசி காரணம் இல்லை. பின் ஏன் அப்போதிலிருந்து வலிக்கிறது? பிள்ளை பெற்றபின் வயிற்றுத் தசையும் இடுப்புத் தசையும் தளர்ந்து கிடக்கும். அது திரும்ப இறுகுவதற்குள் நாம் குடம் தூக்கப் போய்விடுகிறோம். குழந்தையை ஒரே இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பு வேலை பார்க்கிறோம். குனிந்து நின்று நடவு நடப் போகிறோம். ஊசியும் அந்தச் சமயத்தில் நடந்ததால் பழி ஊசி மேல் விழுகிறது.

இரண்டாவது பதில்: "வெள்ளைப்படுது. எலும்பு உருகித்தான் வெள்ளையா போகுது. அதான் இடுப்பு வலிக்குது." சகோதரிகளே, எலும்பு அப்படி உருகாது. நிறமும் நாற்றமும் இல்லாமல் கொஞ்சம் வெள்ளைப்படுவது எல்லாப் பெண்களுக்கும் இருக்கும். அரிப்பு, கெட்ட வாடை, மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி, இவை இருந்தால் அது கிருமித் தொற்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் மருந்து தருவார்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

மூன்றாவது பதில்தான் ரொம்ப ஆபத்து: "கர்ப்பப்பையில கோளாறு. அதை எடுத்துட்டா வலி போயிடும்." எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். வயது 38. நடவு, களை, கரும்பு வெட்டு எல்லாவற்றுக்கும் போகிறவர். இடுப்பு வலி என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனார். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னார்கள். குழுவில் கடன், போதாததற்குக் கம்மலை அடகு வைத்து ஆபரேஷன் செய்துகொண்டார். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கப் போனேன். "வலி அப்படியேதான் இருக்கு தங்கச்சி. கர்ப்பப்பைதான் இல்ல. கடனும் இருக்கு" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இது ஒரு ஊர்க்கதை மட்டும் இல்லை. மகாராஷ்டிராவில் பீட் என்று ஒரு மாவட்டம். அங்கிருந்து குடும்பம் குடும்பமாகக் கரும்பு வெட்டப் போவார்கள். அந்தப் பெண்களில் ஆயிரக்கணக்கானவர்கள் சின்ன வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்திருந்தது 2019-ல் வெளியே வந்தது. மாநில அரசு குழு அமைத்து விசாரித்தது. நம் விழுப்புரம் மாவட்டமும் கரும்பு மாவட்டம்தான். அதனால் சொல்கிறேன். புற்றுநோய், மருந்துக்கு அடங்காத ரத்தப்போக்கு, பெரிய கட்டி, முழுக்க இறங்கிப்போன கர்ப்பப்பை, இப்படிப்பட்ட காரணங்களுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். வெறும் இடுப்பு வலிக்காக யாராவது எடுக்கச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனையில் இன்னொரு டாக்டரிடம் கேளுங்கள். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் எலும்பு சீக்கிரமே பலமிழக்கும். வலி குறைய எடுத்தது வேறு வலியில் கொண்டுபோய் விடும்.

உண்மையான காரணம் என்ன?

நம் முதுகில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஜவ்வு இருக்கிறது. சுற்றிலும் தசையும் நாரும் கட்டிப் பிடித்திருக்கின்றன. நாம் குனிந்தால் பின்பக்கத்து நார் இழுபடும். நிமிர்ந்தால் பழைய நிலைக்கு வரும். குனிவதால் கெடுதல் இல்லை. குனிந்தே இருப்பதால்தான் கெடுதல். ஜாக்கெட் எலாஸ்டிக்கை ஒரு நாள் முழுக்க இழுத்து மாட்டி வைத்தால் என்ன ஆகும்? தொங்கிப் போகும். காலை எட்டு மணிக்குக் கழனியில் குனிந்தால் பதினோரு மணி வரை நிமிராமல் நடுகிற நம் முதுகும் அப்படித்தான் தளர்கிறது. தளர்ந்த நேரத்தில் சட்டென்று நாற்றுக்கட்டைத் தூக்கினால் பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் நாம் ஏன் நடுவில் நிமிர்வதில்லை? நமக்குத் தெரியாமலா? இல்லை. நிமிர்ந்தால் மேஸ்திரி சத்தம் போடுவார். "என்னா, வேடிக்கை பாக்கறியா?" என்பார் கொல்லைக்காரர். ஏக்கருக்கு இவ்வளவு என்று குத்தகை நடவு பேசியிருந்தால் நம் ஆட்களே, "நீ நிமிந்தா எங்க வேலை பிந்திப்போகுது" என்பார்கள். நிமிர்கிறவள் சோம்பேறி என்று ஆகிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு வெளிநாட்டுக் கதை சொல்கிறேன். கேளுங்க. அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம். பெரிய பெரிய காய்கறிப் பண்ணைகள். பக்கத்து மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த ஏழை ஜனங்கள்தான் பெரும்பாலும் அங்கே கூலிக்காரர்கள். அவர்களுக்குக் களை எடுக்க, பயிர் கலைக்க ஒரு கொத்து கொடுத்தார்கள். அதன் பிடி ஒன்றரை அடி, இரண்டு அடிதான் இருக்கும். நம் களைக்கொத்து மாதிரியே. நாள் முழுக்க இரண்டாக மடிந்து நின்றுதான் வேலை செய்ய முடியும். பிடியை நீளமாக வைத்தால் என்ன என்று கேட்டார்கள். நீளப் பிடி வைத்தால் பயிர் வெட்டுப்பட்டுப் போகும் என்று முதலாளிகள் சொன்னார்கள். இன்னொரு காரணமும் இருந்தது. குட்டைப் பிடி இருந்தால் யார் நிமிர்கிறார்கள் என்று மேஸ்திரிக்கு வரப்பில் இருந்தபடியே தெரிந்துவிடும்!

கூலிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வக்கீல்கள் உதவியோடு வழக்குப் போட்டார்கள். இந்தக் கொத்து முதுகைக் கெடுக்கிறது என்று டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள். 1975-ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் கூலிக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே வருஷம் அந்தக் குட்டைக் கொத்துக்குத் தடை வந்தது. நீளப் பிடிக் கொத்து வந்தது. பயிர் ஒன்றும் அழிந்து போகவில்லை. அவர்களுக்குத் தலைவராக இருந்த சீசர் சாவேஸ் என்பவரும் அந்தக் கொத்தைப் பிடித்து முதுகு வலியால் அவதிப்பட்டவர்தான்.

இந்தக் கதையை ஏன் சொன்னேன்? அவர்களும் முதலில் நம்மைப் போலத்தான் தலையெழுத்து என்று இருந்திருப்பார்கள். வலி தலையெழுத்தில் இல்லை, கொத்தின் பிடியில் இருந்தது. நம் வலியும் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால் பாதியை நாமே மாற்றலாம்.

கழனியிலும் கொல்லையிலும்

1. அரை மணிக்கு ஒரு தடவையாவது நிமிருங்கள். இரண்டு கையையும் இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்பக்கம் சாயுங்கள். ஐந்து தடவை. ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஒருத்தி மட்டும் நிமிர்ந்தால்தானே திட்டு? வரிசையில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால் அது வேலையின் ஒரு பகுதி ஆகிவிடும். பாட்டுப் பாடி நடுகிறவர்கள் பாட்டு முடியும்போதெல்லாம் நிமிரலாம்.

2. ரொம்ப நேரம் குனிந்து எழுந்ததும் உடனே பாரம் தூக்காதீர்கள். ஒரு நிமிஷம் நின்று, நாலு அடி நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

3. களைக்கொத்துக்கு நீளப் பிடி போட முடியுமா பாருங்கள். வரிசையாக விதைத்த மல்லாட்டைக் கொல்லையில் நின்றபடியே தள்ளும் சக்கரக் களைக்கருவியை ஓட்டலாம். ஒற்றை நாற்று நடவு என்கிற செம்மை நெல் சாகுபடியில் கோனோவீடர் வைத்து நின்றுகொண்டே களை எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். "மிஷின் வந்தா நம்ம கூலி போயிடுமே" என்று பயப்படுவது நியாயம்தான். அதனால்தான் கருவி அடுத்தவர் கையில் இருக்கக் கூடாது என்கிறேன். குழுவே வாங்கி வைத்துக்கொண்டு, களை வேலையைக் குத்தகைக்கு நாமே எடுத்தால் கூலியும் நம்மிடம் இருக்கும், முதுகும் நம்மிடம் இருக்கும்.

4. மல்லாட்டை ஆயும்போது ஒரே பக்கம் சாய்ந்து மணிக்கணக்கில் உட்காராதீர்கள். காலை மாற்றுங்கள். ஒரு பலகையோ மடித்த சாக்கோ போட்டு உயரமாக உட்கார்ந்தால் முட்டிக்கு நல்லது.

பாரம் தூக்கும்போது

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 15 லிட்டர் பிடிக்கிற குடம் என்றால் 15 கிலோ. ஒரு நாளைக்குப் பத்துக் குடம் என்றால் 150 கிலோவை நாம் தூக்கி இறக்குகிறோம். யாராவது அதை வேலை என்று கணக்கு வைக்கிறார்களா?

தூக்கும் பொருளுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். காலை அகட்டி வைத்து, முட்டியை மடக்கி, பொருளை வயிற்றோடு அணைத்துத் தூக்குங்கள். கையை நீட்டிக் குடத்தைத் தூக்கினால் அதே குடம் முதுகுக்குப் பல மடங்கு கனக்கும். தூக்கியபின் திரும்ப வேண்டுமென்றால் இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள். இடுப்பில் குடம் வைத்தால் ஒரு நடை இடது பக்கம், ஒரு நடை வலது பக்கம். குழந்தைக்கும் அதே கணக்குதான். விறகுக்கட்டு, புல்லுக்கட்டு இவற்றைத் திண்ணை உயரத்தில் வைத்து அங்கிருந்து தலைக்கு மாற்றினால் பாதிக் கஷ்டம் குறையும். யூரியா மூட்டை 45 கிலோ. அதைத் தனியாகத் தூக்கி யாரிடமும் வீரம் காட்ட வேண்டாம். இரண்டு பேர் தூக்குங்கள்.

இன்னொன்று. தண்ணீர் தூக்குவது பொம்பளை வேலை என்று எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது? வீட்டில் வயசுப் பையன் இருப்பான், சைக்கிள் இருக்கும். சைக்கிளின் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டினால் நாலு நடை இரண்டு நடை ஆகும். கேட்டால்தான் செய்வார்கள். இன்றைக்குப் போய்க் கேளுங்கள்.

வீட்டு வேலையில்

குட்டைத் துடைப்பம் நமக்கு வீட்டுக்குள் இருக்கும் குட்டைக் கொத்து. அதை ஒரு மூங்கில் கழியில் இறுக்கிக் கட்டுங்கள். நின்றபடியே வாசல் பெருக்கலாம். செலவு ஒன்றும் இல்லை.

துணி துவைக்கிற கல் தரையோடு கிடந்தால் செங்கல் அடுக்கி இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். அடுப்பையும் முடிந்தால் மேடை மேல் வையுங்கள். கீழேதான் சமைக்க வேண்டும் என்றால் மணை போட்டு உட்காருங்கள். காய் நறுக்க வேண்டியதை, பருப்புக் கழுவ வேண்டியதை எல்லாம் முன்பே பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டால் எட்டி எட்டித் திரும்ப வேண்டாம். முட்டி வலி உள்ளவர்கள் ரொம்ப நேரம் குந்தி உட்கார வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் மாமியார் முன்னால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். மாமியாருக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுங்கள்.

காலையில் எழும்போது மல்லாந்தபடியே விருட்டென்று எழாதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுந்திருங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முட்டிக்கும் நடுவே பழைய புடவையை மடித்து வைத்தால் இடுப்புக்குச் சுகமாக இருக்கும்.

"நாங்க பண்ணாத எக்சர்சைசா?"

உடற்பயிற்சி என்று சொன்னதும் எல்லாக் குழுவிலும் இந்தக் கேள்வி வரும். காலையிலிருந்து ராத்திரி வரை ஓடுகிறோம், இதற்கு மேல் என்ன பயிற்சி? நியாயமான கேள்வி. வேலை செய்யும்போது ஒரே தசைதான் திரும்பத் திரும்ப உழைக்கிறது, ஒரே பக்கம்தான் மடிகிறது. பயிற்சி அதற்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடுகிறது. உழைக்காத தசைக்குப் பலம் தருகிறது. ராத்திரி படுக்கப் போகுமுன் பத்து நிமிஷம் போதும்.

1. மல்லாந்து படுத்து முட்டியை மடக்குங்கள். வயிற்றை லேசாக உள்ளே இழுத்து இடுப்பைத் தரையோடு அழுத்துங்கள். ஐந்து எண்ணும் வரை. பத்துத் தடவை.

2. அதே நிலையில் இடுப்பை மட்டும் மெதுவாக மேலே தூக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். பத்துத் தடவை.

3. ஒரு முட்டியைக் கையால் பிடித்து நெஞ்சுப் பக்கம் கொண்டுவாருங்கள். பிறகு மறு முட்டி. ஐந்து ஐந்து தடவை.

4. முட்டி வலிக்கு: காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வையுங்கள். துண்டை முட்டியால் கீழே அழுத்துங்கள். தொடை இறுகும். ஐந்து எண்ணி விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை.

5. திண்ணையிலோ நாற்காலியிலோ கை ஊன்றாமல் உட்கார்ந்து உட்கார்ந்து எழுங்கள். பத்துத் தடவை. முடியாதவர்கள் கை ஊன்றிக்கொள்ளலாம்.

வலி காலுக்கு இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகளும் ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டரையோ நர்சையோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொரு பயிற்சியைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன், ஆண்கள் யாரும் இல்லையே? இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. அடி இறங்கின மாதிரி இருக்கிறது. இதை வெளியே சொல்லாமல் வருஷக்கணக்கில் வைத்திருக்கிறோம். சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, தினமும் மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் கசிவு குறையும். ஏதோ வெளியே தட்டுப்படுகிறது என்றால் மருத்துவமனையில் காட்ட வேண்டும். புதிதாகப் பிள்ளை பெற்றவளைக் குடம் தூக்க விடாதீர்கள். அது வீட்டிலுள்ள பெரியவர்களின் பொறுப்பு.

சாப்பாடு, தண்ணீர், மாத்திரை

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இரண்டு பேரில் ஒருத்திக்கு ரத்தம் குறைவு. ரத்தம் குறைந்தால் தசை சீக்கிரம் களைக்கும், களைத்த தசை சீக்கிரம் வலிக்கும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் எள்ளும் நம் ஊரில் கிடைப்பவைதான். எல்லோரும் சாப்பிட்டு மிச்சம் இருப்பதை வழித்துச் சாப்பிடுகிற பழக்கத்தை விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது.

கழனியில் ஒதுங்க இடம் இல்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறோம். சிறுநீரை அடக்குகிறோம். அதனால் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வருகிறது. அதனாலும் இடுப்பு வலிக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய் வாருங்கள். தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள்.

அடுத்தது மாத்திரை. கடையில் "இடுப்பு வலிக்குக் கொடுங்க" என்று கேட்டு, கலர் கலராக நாலு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நடவுக்குப் போகிறவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். ஒரு நாள் போட்டால் மாத்திரை. தினமும் போட்டால் வயிற்றில் புண், ரத்தக்கொதிப்பு, கடைசியில் கிட்னியைக் கெடுக்கும். வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம். மாத்திரை வலியைத்தான் மறைக்கும். மறைத்துக்கொண்டு அதே குனிந்த வேலையைச் செய்தால் உள்ளே இன்னும் கெடும்.

பெரும்பாலான இடுப்பு வலி சில வாரத்தில் தானே குறையும். ஓரிரு நாள் பெரிய வேலையை நிறுத்தலாம். ஆனால் படுத்தே கிடக்கக் கூடாது. மெதுவாக நடமாட வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம்.

ஆனால் சில அடையாளங்கள் இருந்தால் ஒரு நாளும் தள்ளக் கூடாது. கால் மரத்துப்போவது, கால் இழுப்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமல் போவது. இவை இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நமக்கு முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காய்ச்சலோடு முதுகு வலி, காரணம் இல்லாமல் உடம்பு இளைப்பது, ராத்திரி தூங்கவிடாத வலி, கீழே விழுந்தபின் வந்த வலி, இவற்றையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். செஞ்சியிலும் திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறை மருத்துவத்தை, அதாவது பயிற்சியால் வலி போக்கும் வைத்தியத்தை, படுத்த படுக்கையானவர்களின் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதில் வீடு வீடாகப் போன பெண் தன்னார்வலர்கள் யார்? நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான். நம்மால் முடியாதது இல்லை.

குழு என்ன செய்யலாம்?

ஒருத்தி தனியாக நிமிர்ந்தால் சோம்பேறி என்பார்கள். இருபது பேர் சேர்ந்து நிமிர்ந்தால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நாம் சேமிப்பு ஆரம்பித்தபோதும் "இந்தப் பொம்பளைங்க பத்து ரூபா இருபது ரூபா சேத்து என்ன கிழிக்கப் போறாங்க" என்றுதான் சொன்னார்கள். இன்றைக்கு வங்கி மேலாளர் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார். இதையும் அப்படியே செய்யலாம். அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் இவற்றை எழுதுங்கள்:

1. குழுக் கூட்டம் ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷப் பயிற்சியோடு தொடங்கும்.

2. நடவு, களை வேலைக்குச் சேர்ந்து போகும்போது அரை மணிக்கு ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து நிமிர்வோம். குத்தகை பேசும்போதே இதை மேஸ்திரியிடம் சொல்லிவிடுவோம்.

3. நீளப் பிடிக் களைக்கருவியைக் குழு நிதியில் ஒன்றாவது வாங்கிப் பார்ப்போம்.

4. பிள்ளை பெற்ற உறுப்பினர் வீட்டுக்கு முதல் ஆறு வாரம் முறை வைத்துத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்போம்.

5. ஆபரேஷனுக்கென்று கடன் கேட்கும் உறுப்பினரோடு இன்னொரு உறுப்பினர் துணைக்குப் போய், அரசு மருத்துவரிடம் ஒரு தடவை கேட்ட பிறகு முடிவு செய்வோம். அவசர சிகிச்சைக்கு இது பொருந்தாது.

ஐந்தாவது தீர்மானம் அந்த அக்காவை நினைத்து எழுதியது. அவரிடம் இந்த உரையில் அவரைப் பற்றிச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லும்மா. என் பேரைச் சொல்லாத. ஆனா சொல்லு. இன்னொருத்தி கம்மல வெக்கக் கூடாது" என்றார். இப்போது அவர் தினமும் ராத்திரி அந்த ஐந்து பயிற்சியைச் செய்கிறார். வலி முழுக்கப் போகவில்லை. ஆனால் மாத்திரை இல்லாமல் தூங்குகிறார். அவருடைய களைக்கொத்துக்கு அவர் மகன் நீளப் பிடி போட்டுக் கொடுத்திருக்கிறான்.

அடுத்த வருஷம் நான் உள்கடன் பதிவேட்டைப் பார்க்கும்போது மருத்துவச் செலவு என்ற வார்த்தை குறைந்து, ஆடு, மாடு, தையல் மிஷின் என்று நிறைய எழுதியிருக்க வேண்டும். அதுதான் என் ஆசை.

ரொம்ப நேரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லோரும் எழுந்திருங்க. கையை இடுப்பில் வையுங்க. மெதுவா பின்னால சாயுங்க. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆங், அவ்வளவுதான். இதை வீட்டிலும் கழனியிலும் மறக்காதீங்க.